மலாக்கா கவர்னதோருக்குக் கயிறு பிடிச்சவன்

சத்தியமாச் சொல்லுதேன் செட்டியாரே, இதுல ஒரு சொல்லு பொய்யின்னா, இந்தா கெடக்குல்லா கடல், இது என்னய அள்ளிட்டுப் போவட்டும். ஏன் சிரிக்கீரு? கரையில பத்திரமா உக்காந்துக்கிட்டுக் கடல் மேல சத்தியம் பண்ணுதானேன்னா? சரி, தள்ளி உக்காருதேன், அலை கால்ல படட்டும். போதுமா? மாதா மேல சத்தியம், எங்கப்பன் குழி மேல சத்தியம், ஒம்ம துணி மூட்டை மேல சத்தியம். ஆத்தாடி, மூட்டைன்னதும் மூஞ்சி மாறுதே! பயப்படாதேயும். நெசம் சொன்னா மூட்டைக்கு ஒண்ணும் ஆவாது.

காத்து திரும்புற வரைக்கும் ஒம்ம கப்பலு கெளம்பாது. மலாக்காவுக்குத்தான போறீரு? அப்ப ஒமக்குச் சொல்லாம யாருக்குச் சொல்ல. அங்க கோட்டையில கவர்னதோருன்னு ஒருத்தரு இருக்காரே, பறங்கி ராசாவுக்கு அடுத்த ஆளு மாதிரி, தோம் கொன்சாலு, அவரு எனக்கு மாப்பிள்ள. என் தங்கச்சி புருசன். ஒரு தடவ இருந்துட்டுப் போயி, இப்ப ரெண்டாந் தடவையா வந்திருக்காராம். போன மாசக் கப்பல்ல சேதி.

நான் யாருன்னு கேக்கீரா? கயித்தான். இந்தப் புன்னக்காயல்ல எந்தக் கொழந்தையக் கேட்டாலும் சொல்லும், சொல்லிட்டுச் சிரிக்கும். முத்துக் குளிக்கிற தோணியில கயிறு பிடிக்கிறவன். பேரு கயித்தான், தொழிலு கயிறு. ஞானஸ்நானம் குடுத்த சாமியாருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு பாரும். எழுதப் படிக்கத் தெரியாது. ஒக்கார வச்சுத்தான் பாத்தாங்க. மூணா நாளு உபதேசியாரு, "ஏலே, ஒன் நாக்க அறுத்துப் பலகையில ஒட்டுனா அதுவே எழுதிக்கிடும், நீ போ"ன்னு அனுப்பிட்டாரு.

எங்க தொழிலு ஒமக்குத் தெரியாதுல்லா. குளியாளி கல்லு மேல கால வச்சு அஞ்சு பாகம், ஆறு பாகம் கீழ போவாம், பாகம்னா ரெண்டு கையையும் விரிச்ச நீளம். இடுப்புல கயிறு. மேல தோணியில ஒருத்தன் அந்தக் கயித்தப் பிடிச்சிருப்பாம். கீழ மூச்சு முட்டுனதும் ஒரு சுண்டு சுண்டுவாம். மேல உள்ளவன் அந்த நிமிசம் இழுக்கணும். கொட்டாவி விட்டாம்னா முடிஞ்சிது சோலி. அதனால கயிறு யாரு பிடிக்கணும்னு எங்க கரையில ஒரு மொற உண்டு. அண்ணந்தம்பி பிடிக்கப்பிடாது, வீட்டுல பங்கு இருக்குல்லா, கை வழுக்கிரும். சேக்காளி பிடிக்கப்பிடாது, வாயப் பாத்துக்கிட்டு நிப்பாம். பொண்டாட்டி கூடப் பொறந்தவன், மச்சான், அவந்தான் பிடிக்கணும். ஏன்? கயித்த விட்டா தாலி அறுறது அவன் தங்கச்சிக்குல்லா. அந்தப் பயத்துல கண்ண இமைக்க மாட்டாம்.

கொன்சாலு இங்க வந்த வருசம் சலாபம், முத்துக் குளிக்கிற காலத்த அப்படித்தான் சொல்லுவோம், மன்னாரு பக்கம் போட்டாங்க. சலாபம்னா நாப்பது நாளைக்கு மணல்ல ஒரு ஊரே மொளைக்கும். ஓலைக் கொட்டாயில கடைத்தெரு, ஓலைக் கொட்டாயில அதிகாரி உக்காருற கச்சேரி, ஓலைக் கொட்டாயில மாதா கோயிலு. நாப்பத்தொண்ணா நாளு போயிப் பாத்தா நாயி மட்டும் நிக்கும். கொள்ளைக்காரன் வராமக் காவலு காக்க ரெண்டு பறங்கிக் கப்பலு. அதுல ஒண்ணுல சின்ன அதிகாரி இந்தக் கொன்சாலு. இருவத்திரெண்டு வயசிருக்கும். வெயிலு பட்டு மூக்குத் தோலு உரிஞ்சு சுட்ட கெழங்கு மாதிரி இருப்பாம். பொம்பளைங்க கொன்சாலுன்னு வாயில வராம, கொஞ்சாளு கொஞ்சாளுன்னு கூப்பிடுவாளுவ. அவனுக்கு அர்த்தம் தெரியாது. கூப்பிட்ட பக்கமெல்லாம் திரும்பித் திரும்பிச் சிரிப்பாம்.

ஒருநா எங்க தோணியில வந்து குதிச்சிட்டாம். "நானும் கீழ போவணும்"ங்காம். பாதித் தமிழு, மீதிய கை பேசும். நான் சும்மா இருக்கலாம்லா? இருக்க முடியுமா இந்த வாயிக்கு? "தாராளமாப் போ. ஆனா கயிறு பிடிக்க மச்சான் வேணும். ஒனக்கு இங்கன யாரு மச்சான்? எங்க வீட்டுல ஒரு தங்கச்சி இருக்கா, கெட்டிக்கோ, நான் பிடிக்கேன்"னேன்.

வெளையாட்டுக்குச் சொன்னேம்யா! தோணியே சிரிச்சிது. அவனும் சிரிச்சாம். சிரிச்சு முடிச்சிட்டு, "எங்க அந்தத் தங்கச்சி?"ன்னாம்.

செவத்தி கரையில எங்களுக்குக் கஞ்சி காய்ச்சிக்கிட்டிருந்தா. இவன் நேரா அவட்ட போயி, "நீ தங்கச்சி?"ங்காம். அவ அகப்பையத் தூக்கிக்கிட்டு, "யாருக்கு? ஒனக்கா? இந்த மூக்கோட நீ எனக்கு அண்ணன்னா ஊருல எங்கம்மாவயில்லா சந்தேகப்படுவாங்க"ன்னா. என்னய மாதிரியே வாயி. எனக்கு ஒரு பிடி மேல. அவனுக்குப் பாதிதான் புரிஞ்சிது, ஆனா அந்தப் பாதியிலேயே ஆளு கவுந்துட்டாம்.

பன்னெண்டு நாள்ல கல்யாணம். ஓலைக் கோயில்ல, கெழட்டுச் சாமியாரு ஒருத்தரு தாலி எடுத்துக் குடுத்தாரு. "புஸ்தகத்துல எழுதிக்கிடுங்க சாமி"ன்னா எங்கம்மா. "புஸ்தகம் கொச்சியில இருக்கு, போயி எழுதிக்கிடுதேன்"னாரு. கொச்சிக்குப் போற வழியில காய்ச்சல்ல போயிச் சேந்துட்டாரு, பாவம். கோயிலப் பிரிச்சு ஓலைய அடுப்புக்கு வித்துட்டாங்க. அப்ப அது யாருக்கு உறுத்திச்சு? எனக்கு உறுத்தல. நான் பறங்கி அதிகாரி மச்சான்! கடைத்தெருவுல நடந்தா மணலு எனக்குன்னு தனியா வழி விட்ட மாதிரி இருந்துச்சு.

கல்யாணம் முடிஞ்ச மூணா நாளு அவன் குளிச்சாம். நாந்தான் கயிறு. செட்டியாரே, அன்னைக்கு நான் இமைக்கலய்யா. கயித்துல ஒரு நடுக்கம் வந்துச்சு, சுண்டு கூட இல்ல, நடுக்கம், அதுக்கே இழுத்துட்டேன். மூக்குல வாயில தண்ணியோட மேல வந்தாம். கையில சிப்பி இல்ல. கொழகொழன்னு ஒரு கடலட்டை. அதப் பத்திரமாப் பிடிச்சுக்கிட்டுக் கரைக்கு வந்து செவத்திட்ட நீட்டுதாம், முத்து நீட்டுற மாதிரி. அவ அத வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டா. ஒத்திக்கிட்டு, "இதுல எனக்குக் கம்மலா, மூக்குத்தியா?"ன்னா. கரையே உருண்டு சிரிச்சிது.

மூணு வருசம் இங்க இருந்தாம். நல்லவந்தாம்யா. பொய் சொல்லப்பிடாது. கருவாட்டுக் கொழம்புக்கு அழுவாம், காரத்துக்கும் அழுவாம், இல்லன்னாலும் அழுவாம். தமிழு முழுசாப் படிச்சிட்டாம், அவ திட்டித் திட்டியே படிச்சது. புள்ள தங்கல. இந்தக் கரைக்கே தலைவன், கப்பித்தான் ஆனாம். பொறவு கோவாவுல இருந்து ஓலை வந்துச்சு, பெரிய கப்பலுக்கு வான்னு. "ஆறு மாசம். ஆளு அனுப்புதேன்"னு போனாம். எங்கயோ கடல் சண்டையில ரெண்டு வெரலு போச்சுன்னு கேள்விப்பட்டோம். வெரலு போவப் போவ ஆளு மேல ஏறுதாம்! இன்ன கப்பலுக்குத் தலைவன்னாங்க, இன்ன கோட்டைக்குத் தலைவன்னாங்க, கடைசியில மலாக்காவுக்குக் கவர்னதோருன்னாங்க. நாலு வருசம் ஆச்சு. ஆளு மட்டும் வரல.

இதுக்கு நடுவுல சவேரி வந்தான். எங்க தோணிக் குளியாளி. பேச மாட்டான், எனக்கும் சேத்து அவன் மௌனமா இருந்தாம்னு வச்சுக்கிடும். செவத்திய அவனுக்குப் பிடிச்சிருந்துச்சு. அவளுக்கும், நான் பாத்தேன், அவன் கஞ்சிக்கு வந்தா உப்பு சரியா விழும். புதுச் சாமியாருட்ட போயிக் கேட்டாங்க. அவரு நேர்மையான மனுசன், அதான் தொந்தரவு. "புஸ்தகத்துல ஒண்ணும் இல்ல. அந்த மனுசன் சபையில, நாலு பேரு முன்னால, 'ஆமா, இவ என் பொண்டாட்டி'ன்னு சொன்னா எழுதிருதேன். 'இல்ல'ன்னு சொன்னா நீ கட்டு அவுந்தவ, சவேரியக் கெட்டிக்கோ. ரெண்டுல ஒண்ணு வராம என்னால கைய வைக்க முடியாது"ன்னுட்டாரு.

செவத்தி என்னயக் கூப்பிட்டா. "அண்ணே, மலாக்காவுக்குப் போ. ஒத்தக் கேள்வி. ஆமாவா, இல்லையா. எது வந்தாலும் அழ மாட்டேன், ஆனா ஒண்ணு வரணும். சபையில கேளு. தனியாக் கேட்டுராத. தனியாக் கேட்டா அவன் கொஞ்சுவான், நீ மயங்கிருவ"ன்னா.

நான் மயங்குத ஆளா செட்டியாரே? நீரே சொல்லும்.

கப்பல்ல பாயி இழுக்குற வேலை சொல்லிக்கிட்டு ஏறிட்டேன். நாப்பத்தஞ்சு நாளு. வழியெல்லாம் அந்தக் கேள்வியத்தான் மென்னுக்கிட்டுப் போனேன். "தோம் கொன்சாலு, செவத்தி ஒம்ம பொண்டாட்டியா இல்லையா?" ஆறே சொல்லு. மாலுமிங்கல்லாம் மனப்பாடம் பண்ணிட்டானுவ. ஒருத்தன் தூக்கத்துல கேட்டாம்.

கோட்டையில சபை. அம்மாடி, அம்புட்டு வெல்வெட்ட நான் பாத்ததில்ல. நடுவுல நாக்காலியில அவரு. ஆளு பெருத்துட்டாரு. மூக்கு மட்டும் அதே மூக்கு. பக்கத்துல ஒரு அம்மா, பறங்கி ராசா ஊரு லிஸ்போவாவுல ராசா வீட்டுக்காரங்க கெட்டி வச்ச அம்மாவாம், விசிறிக்கிட்டு இருந்தாங்க. நாகப்பட்டணத்துக்காரர் ஒருத்தரு துபாசி, இவங்க பேச்ச அவங்களுக்கு மாத்திச் சொல்லுறவரு. "யாருப்பா நீ, எங்கேர்ந்து வர்றே?"ன்னாரு.

ஆறு சொல்லும் நாக்கு நுனியில நிக்கி. அவரு என்னயப் பாத்தாரு. தெரிஞ்சிட்டு. நாக்காலிக் கைய அந்த மூணு வெரலால பிடிச்சாரு. எனக்கு என்ன தோணுச்சோ... "கவர்னதோருக்கு ஒரு காலத்துல கயிறு பிடிச்சவன்"னேன்.

சபையில ஒரு அசைவு. "என்ன கயிறு?"ன்னாங்க அந்த அம்மா. சொன்னேன். கவர்னதோரு கீழ போனது, மேல வந்தது, கையில கடலட்டை. நடிச்சுக் காமிச்சேன். கண்ண உருட்டி, தண்ணியக் கக்கி, அந்தக் கொழகொழாவ நீட்டி. சபை சிரிச்சிது பாரும்! சிப்பாய் ஈட்டியக் கீழ போட்டுட்டுச் சிரிச்சாம். அந்த அம்மா விசிறியால மூஞ்ச மூடிக்கிட்டுச் சிரிச்சாங்க. கவர்னதோருக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. தொடச்சாரு. எல்லாரும் நிறுத்துன பொறவும் தொடச்சிக்கிட்டே இருந்தாரு. அம்புட்டுச் சிரிப்பு.

அப்பதான் அந்தத் துபாசி, வெளங்காதவன், "ஏம்ப்பா, உங்க பக்கம் மச்சான்தானே கயிறு பிடிக்கணும்பாங்க?"ன்னு கேட்டாம். கேட்டதோட நிப்பாட்டாம அதப் பறங்கிப் பேச்சுலயும் சொல்லிட்டாம். அந்த அம்மா விசிறி நின்னுட்டு. கவர்னதோரு மூஞ்சி சுண்ணாம்பு.

நான் யாரு? கயித்தான். ஒரு மனுசன் மூழ்குதான்னா பாத்துக்கிட்டிருப்பேனா? "அதெல்லாம் எங்கள மாதிரி ஏழைகளுக்கு மச்சான். பெரியவங்களுக்கு யாரு வேணா பிடிப்பாங்க"ன்னேன். மறுபடி ஒரே சிரிப்பு. தூக்கி விட்டுட்டேன்யா மனுசனை! நான் மட்டும் இல்லன்னா அன்னைக்கு அவரு கெதி என்ன? அங்கேயே ஒரு நீலச் சட்டை குடுத்தாரு, வெள்ளிப் பொத்தான் வச்சது.

கேள்வியா? இரும்வே, வாறேன்.

வெளிய படிக்கட்டுல நிக்கேன். அவரே வந்தாரு, தனியா. தோள்ல கைய வச்சாரு. தமிழ்ல, சுத்தமா நம்ம கரைத் தமிழ்ல, "செவத்தி?"ன்னாரு. "சொகமா இருக்கா"ன்னேன். "நீ சிரிக்க வைக்க வரல. ஏதோ கேக்க வந்துருக்க. கேளு மச்சான்"னாரு.

மச்சான்னாரு செட்டியாரே. கடல் தாண்டி, கோட்டை தாண்டி, ஒரு கவர்னதோரு வாயில அந்தச் சொல்லு. எனக்கு நெஞ்சு நெறஞ்சிட்டு. பசிச்சவன் எலையில சோத்தக் கொட்டிட்டு 'வேற என்ன வேணும்'னா அவன் என்ன சொல்லுவாம்? "ஒண்ணும் வேண்டாம் மாப்ள"ன்னுட்டேன். அவரு நின்னாரு. நல்ல நேரம் நின்னாரு, கைய எடுக்காம. பொறவு எடுத்துட்டுப் போயிட்டாரு. நம்ம மொறையப் பாரும், மாப்பிள்ள வீட்டுக்குப் போன எடத்துல நின்ன நெலையில வம்பு பேசலாமா? பேசலாம்னு நீரு சொல்லுவீரு. ஒமக்குத் தங்கச்சி இருக்கா? இல்லல்லா. அப்பச் சும்மா இரும்.

இங்க வந்து எறங்குனேன். செவத்தி தண்ணியில முழங்கால் வரைக்கும் வந்து நின்னா. சவேரி தள்ளி வலைக்குப் பக்கத்துல நின்னாம், வலையப் பாக்குற மாதிரி. "கேட்டியாண்ணே?" "கேக்கவே தேவையில்லாமப் போச்சு. என்னய மச்சான்னு கூப்பிட்டாரு"ன்னேன். அவ மூஞ்சி... அத விடும். "சபையிலயா?"ன்னா.

நான், "சபையிலதான்"னேன்.

இது ஒரு பொய்யா? மச்சான்னு கூப்பிட்டது நெசம். எடந்தான் ஒரு நாலு படி முன்னப் பின்ன.

"எத்தன பேரு இருந்தாங்க?" "நாப்பது பேரு." அவ நேரா சவேரிட்ட போயி நாலு வார்த்த பேசுனா. அவன் தலைய ஆட்டுனாம். மறு வருசம் வேம்பாத்துல ஒரு புள்ளையக் கெட்டிக்கிட்டுத் தோணி மாறிட்டாம். என்னயப் பாத்தா இன்னும் தலைய ஆட்டுவாம், அம்புட்டுத்தாம் பேச்சு.

சாமியாரு வருசத்துக்கு ஒருக்கத்தான் இந்தப் பக்கம் வருவாரு. "சபையில சொன்னாம்னு வேதப் புஸ்தகத்துல கைய வச்சுக் கயித்தான் சொல்லட்டும், அன்னைக்கே எழுதிருதேன்"ன்னு செவத்திட்ட சொல்லிட்டுப் போவாரு. எனக்குத் தலையெழுத்தப் பாரும், அவரு வாறதும் எனக்கு மன்னாருல வேலை வாறதும் ஒண்ணாவே வரும். ஏழு வருசம். ஒரு வருசமாச்சும் தப்புச்சுங்கீரா? தப்பல.

நடுவுல ஒருக்க, கவர்னதோரு மொதத் தடவ இருந்து முடிச்சுக் கோவாவுக்குத் திரும்புறப்ப, கப்பலு தூத்துக்குடியில தண்ணி எடுக்க நின்னுது. ரெண்டு நாளு. தண்ணிப் பீப்பா ஏத்துற தோணியெல்லாம் நம்மாளுவ தோணி. செவத்தி கூரைச் சேலையக் கெட்டிக்கிட்டுக் கரையில போயி உக்காந்தா. "ஏத்தி விடுதோம், வா தாயி, நேராப் போயிப் பாத்துரு"ன்னு தோணிக்காரங்க கூப்பிடுதாங்க. இவ, "அது மொற இல்லண்ணாச்சி. அம்புட்டுப் பேரு முன்னால எங்க அண்ணன மச்சான்னு சொன்னவரு. நானாப் போயி நின்னா அவருக்கில்லா கொறச்சல். ஆளு அனுப்புவாரு"ன்னு உக்காந்திருக்கா. நான் போயிப் பாத்திருப்பேன், அன்னைக்குன்னு எனக்கு இடுப்புப் பிடிப்பு. ரெண்டா நாளு பாய விரிச்சிட்டாங்க. கப்பலு கண்ணுக்கு மறைஞ்ச பொறவுதான் எந்திரிச்சா. சேலையில மணலத் தட்டிக்கிட்டு, "தண்ணி நல்ல தண்ணியாக் குடுத்தாங்களாண்ணே?"ன்னா. அம்புட்டுதான் கேட்டா.

போன ஐப்பசியில படுத்தா. காய்ச்சலு, நெஞ்சுச் சளி. எந்திரிக்கல. கடைசி நாளு மத்தியானம் நான் பக்கத்துல இருந்தேன். "அண்ணே, அந்தச் சபைய இன்னொருக்கச் சொல்லு"ன்னா. அவளுக்கு அந்தக் கதைன்னா உசுரு. ஏழு வருசத்துல எத்தன தடவ சொல்லியிருப்பேன்! நானும் வாடாம, வதங்காம, வெல்வெட்டு, விசிறி, எல்லாம் சொன்னேன். கவர்னதோரு எந்திரிச்சு நின்னு, "வாங்க மச்சான்"னு கையப் பிடிச்சாருன்னு சொன்னேன். "எத்தன பேரு இருந்தாங்க?"ன்னா. "முந்நூறு பேரு இருக்கும் தாயி"ன்னேன்.

அவ சிரிச்சா. மூச்சு வாங்குது, ஆனா சிரிக்கா. "மொத மொத நாப்பதுன்னுதானண்ணே சொன்ன"ன்னா. என் கையப் பிடிச்சுத் தட்டிக் குடுத்தா, சின்னப் புள்ளையத் தூங்க வைக்கிற மாதிரி. "போட்டும், விடு"ன்னா.

பாத்தீரா ஞாபகத்த! சாகக் கெடக்கா, ஏழு வருசத்துக்கு முன்ன சொன்ன எண்ணிக்கைய மறக்கல. அதாம்யா எங்க வீட்டுப் புத்தி. ஆனா எதப் போட்டும்னு சொன்னா? எத விடச் சொன்னா? அதத்தான் நானும் ஒரு வருசமா யோசிக்கேன். பிடிபட மாட்டக்கு.

அடக்கத்துக்கு அந்தச் சாமியாரே வந்திருந்தாரு. புஸ்தகத்த விரிச்சுக்கிட்டு, "என்னன்னு எழுத கயித்தான்? கன்னின்னா, இன்னாரு பொண்டாட்டின்னா, கைம்பெண்டாட்டின்னா?"ன்னு கேட்டாரு. மன்னாருல வேலை இருக்குன்னு சொல்ல முடியாதுல்லா அன்னைக்கு. வாயி வரல. எனக்கு! வாயி வரல. கடைசியில, "செவத்தின்னு எழுதும் சாமி, அது மட்டுந்தான் நிச்சயம்"னேன். அவரு எழுதிட்டு மூடிட்டாரு.

இப்பல்லாம் கயிறு பிடிக்கிறதில்ல. பிடிச்சா கை நடுங்குது, கீழ இருந்து சுண்டுதாங்களா, என் கைதான் ஆடுதான்னு தெரியல. ஒரு குளியாளிய வெறும் நடுக்கத்துக்கே மூணு தடவ இழுத்துப் போட்டேன், அவன் திட்டிட்டுப் போயிட்டாம்.

சரி, கதை முடிஞ்சிட்டு, கூலி எடும். துட்டு வேண்டாம்வே, மடியத் தடவாதேயும். நீரு மலாக்காவுல எறங்குனதும் காணிக்கையோட கோட்டைக்குப் போவீருல்லா? சபை கூடியிருக்கும். துபாசி நிப்பாம். அப்ப எல்லாரு முன்னாலயும் சத்தமா, "தோம் கொன்சாலு, செவத்தி ஒம்ம பொண்டாட்டியா இருந்தாளா இல்லையா?"ன்னு ஒருக்கக் கேட்டுரும். ஒரு சொல்லு கூடிட்டு, அம்புட்டுதான். ஆமாவோ இல்லையோ, திரும்பி வாறப்ப எனக்குச் சொன்னாப் போதும். சாமியாருட்ட சொல்லி எழுத வைக்கணும்.

ஏன் எந்திரிக்கீரு? காத்து இன்னும் திரும்பலயே. ஓ, யாவாரம் கெட்டுரும். தலையும் போயிரும். நெசந்தான், அங்க போயி நின்னு பாத்தவனுக்குத் தெரியும் அந்தப் பயம். சரி, அது முடியாதுன்னா இடுப்புல சொருகியிருக்கீரே பொகையில, அத வச்சுட்டுப் போம். ரெண்டுல ஒண்ணு தராம இந்தக் கரையில யாரும் என் கதையக் கேட்டதில்ல.

ம்ம். பொகையிலையா.

இதுக்கு முன்ன மூணு யாவாரிட்ட சொன்னேன். மூணு பேரும் பொகையிலதான் எடுத்தாங்க. தாரும், தாரும். என்னவே, பாதியக் கிள்ளுதீரு? நான் என்ன பாதிக் கதையா சொன்னேன்? முழுசா வையும்.